இரும்புக்குப் பசித்த உடல்

குடிநீரில் எந்த நச்சுப் பொருள் எவ்வளவு வரை இருக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் வரம்பு வகுத்து வைத்திருக்கிறது. பல பொருள்களுக்கு அந்தக் கணக்கு ஓர் ஆளிலிருந்து தொடங்குகிறது. அந்த ஆள் வயது வந்தவர். எடை 60 கிலோ. நாளொன்றுக்கு 2 லிட்டர் தண்ணீர் குடிப்பவர். குழந்தைகளுக்கென்று சில இடங்களில் தனிக் கணக்கு உண்டு. மற்றபடி இந்த 60 கிலோ ஆளை வைத்தே பெருக்கியும் வகுத்தும், ஒரு லிட்டரில் இத்தனை மில்லிகிராம் என்ற எண் பிறக்கிறது.

இந்த ஆளைப் பற்றி முதன்முதலில் படித்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இவர் எங்கள் கல்லூரியில் படிக்கவில்லை. ஆண்டுக்கொரு முறை எங்கள் கல்லூரியில் ரத்ததான முகாம் நடக்கும். கொடுக்க ஆசைப்பட்டு வரிசையில் நிற்கும் பெண்களில் பலரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எடை 45 கிலோ இல்லை. அல்லது ஹீமோகுளோபின் 12.5 இல்லை. "எனக்கே பத்தாதாம் மேடம்" என்று சிரித்துக்கொண்டே வகுப்புக்குத் திரும்புவார்கள். இந்தக் கட்டுரை அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்களைப் பற்றியது. அவர்கள் குடிக்கும் நிலத்தடி நீரில் ஈயமோ குரோமியமோ காட்மியமோ ஆர்செனிக்கோ இருந்தால், அது அந்த 60 கிலோ ஆளிடம் நடந்துகொள்வது போலவே இவர்களிடமும் நடந்துகொள்ளுமா என்ற கேள்வியைப் பற்றியது.

நான் தமிழ் படித்தவள். முனைவர் பட்டமும் தமிழில்தான். உலோகங்களைத் தேடிப் படிக்கத் தொடங்கியதற்கு ஒரே காரணம், நான் பிறந்த ஊர் பாலாற்றங்கரையில், ராணிப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதுதான்.

*

பாலாறு மணல் ஆறு. ஆண்டின் பெரும்பகுதி மேலே தண்ணீர் ஓடாது, மணலுக்கு அடியில் ஓடும். மணலைக் கையால் பறித்து ஊற்றுத் தோண்டி, கலங்கல் தெளியும்வரை குந்தியிருந்து, கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்புவது எங்கள் ஊரில் பெண்களின் வேலை. அந்த வேலையோடு சேர்ந்து ஓர் அறிவும் அவர்களிடம் இருந்தது. என் பெரியம்மா தண்ணீரை வாயில் ஊற்றி ஒரு சுற்றுச் சுற்றித் துப்பிவிட்டுத் தீர்ப்புச் சொல்வார். "இது சோத்துக்கு ஆவும், பருப்புக்கு ஆவாது." "இந்தத் தண்ணில தலைக்குக் குளிச்சா முடி சிக்கு விழும்." எந்தக் கிணற்றில் சோப்பு நுரைக்கும், எதில் வெள்ளைத் துணி பழுப்பேறும், எந்தத் தண்ணீரில் போட்ட டீ கறுக்கும் என்று ஊர்ப் பெண்கள் எல்லாருக்கும் தெரியும். எந்த ஆய்வகமும் சொல்லித்தராமல் தலைமுறை தலைமுறையாக வந்த நீர்ப் பரிசோதனை அது.

அந்தப் பரிசோதனை எதைக் கண்டுபிடிக்கும், எதைக் கண்டுபிடிக்காது என்பதைப் பிற்பாடுதான் புரிந்துகொண்டேன். நாக்குக்குத் தெரிவது உப்பு. பருப்பு வேகாததும் சோப்பு நுரைக்காததும் தண்ணீரின் கடினத்தன்மையால். ஈயமும் ஆர்செனிக்கும் காட்மியமும் உடம்பைக் கெடுக்கும் அளவில் கலந்திருந்தாலும் தண்ணீர் தெளிவாகவே இருக்கும், மணமில்லை, சுவையில்லை. இந்தியத் தரநிர்ணயப்படி ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. காட்மியத்துக்கு 0.003. குரோமியத்துக்கு 0.05. இந்த எண்களை எந்த நாக்காலும் படிக்க முடியாது. குரோமியத்தின் நச்சு வடிவம் மஞ்சள் நிறம் காட்டும் என்பது உண்மை; ஆனால் கண்ணுக்கு மஞ்சள் தெரியும்போது அளவு வரம்பைத் தாண்டிப் பல மடங்கு போயிருக்கும்.

தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் போதும் என்பது பெண்களுக்குக் காலங்காலமாகச் சொல்லப்படும் அறிவுரை. கிருமிக்கு அது சரி. உலோகம் கொதித்து ஆவியாகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட, மிஞ்சும் தண்ணீரில் அதன் செறிவு கூடவே செய்யும். அடுப்படியில் நின்று, விறகோ சிலிண்டரோ செலவழித்து, குடும்பத்துக்காகக் காய்ச்சி ஆறவைக்கும் பெண் தன் கடமையைச் சரியாகத்தான் செய்கிறாள். அந்த உழைப்பு இந்த நஞ்சின்முன் செல்லுபடியாகாது என்பதை அவளிடம் யாரும் சொல்வதில்லை.

*

தோல் பதனிடுவது எங்கள் பக்கத்துக்குப் புதிய தொழில் அல்ல. முன்பு ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டார்கள். சங்கப் பாடல்களில் மடலேறுபவன் சூடிக்கொள்கிற ஆவிரம்பூவைப் பற்றி வகுப்பில் சொல்லும்போது, அதே செடியின் பட்டையை உரித்துத்தான் நம் ஊர்த் தோல் உலகமெல்லாம் போனது என்பதையும் சேர்த்துச் சொல்வேன். பட்டைத் தொட்டியில் தோல் பல நாள் ஊற வேண்டும். குரோமிய உப்பில் வேலை சீக்கிரம் முடியும்; தோல் மெத்தென்று வரும். 1970களில் அரைப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தி, முழுதும் பதனிட்ட தோலையும் தோல் பொருள்களையும் ஊக்குவித்தபோது குரோமியம் பாலாற்றுப் படுகையில் வேகமாகப் பரவியது. தோல் குடித்தது போக மீதிக் குரோமியம் கழிவு நீரோடு வெளியே வந்தது. வந்த நீர் ஏரிக்கும் ஓடைக்கும் மணலுக்கும் போனது.

குரோமியத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. தோல் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் கொண்டது. நச்சுத்தன்மை குறைவு, மண்ணில் ஒட்டிக்கொள்ளும். ஆறு இணைதிறன் கொண்டது வேறு ரகம். தண்ணீரில் எளிதாகக் கரையும், நிலத்தடியில் தூரம் போகும், தோலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கல்லீரலையும் கெடுக்கும். மனிதர்க்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது இதைத்தான். அந்தத் தீர்ப்பு ஆலைகளில் இதைச் சுவாசித்தவர்களின் நுரையீரலை வைத்துச் சொல்லப்பட்டது. தண்ணீர் வழியாகக் கொடுத்துப் பார்த்தபோது எலிகளின் வாயிலும் குடலிலும் கட்டிகள் வந்தன.

ராணிப்பேட்டையில் குரோமிய உப்பு தயாரித்த ஓர் ஆலை எழுபதுகளில் தொடங்கி 1990களின் நடுவில் மூடப்பட்டது. ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேலான குரோமியக் கழிவு அங்கேயே மலையாகக் கிடந்தது. ஆலை மூடினாலும் மழை மூடவில்லை. பெய்யும் ஒவ்வொரு மழையும் அந்தக் குவியலில் ஊறி மஞ்சளாக நிலத்தில் இறங்கியது. 2006இல் உலகின் மிக மாசடைந்த 10 இடங்கள் என்று அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் ஒரு பட்டியல் வெளியிட்டது. அதில் எங்கள் ராணிப்பேட்டையும் இருந்தது. எங்கள் ஊர் உலகப் பட்டியல் ஒன்றில் இடம்பெற்றது அப்போதுதான்.

வேலூர்க் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. சட்டம் படிக்கும் பிள்ளைகள் எல்லாரும் படிக்கும் தீர்ப்பு. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்பதையும், அறிவியல் உறுதி கிடைக்கும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்பதையும் இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கிய தீர்ப்பு அது. நான் அதைப் படித்தபோது என் கண் நின்றது வேறோரிடத்தில். திண்டுக்கல் பகுதியில் 13 கிராமங்களில் எடுத்த ஒரு கணக்கு அதில் வருகிறது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன. அதையடுத்து, பெண்களும் குழந்தைகளும் குடிநீருக்காக மைல் கணக்கில் நடக்க வேண்டியிருக்கிறது என்று ஒரு வரி. பெண்கள் அந்த ஒரு வரியில் நடந்து வருகிறார்கள், நடந்து போய்விடுகிறார்கள். நடக்காத பெண்கள், அதாவது நடக்க முடியாமல் கெட்ட கிணற்றிலேயே இறைத்துக் குடித்தவர்கள், அந்த வரியிலும் இல்லை. 2025 ஜனவரியில், ஏறக்குறைய முப்பது ஆண்டு கழித்து, அதே பாலாற்று மாசு பற்றி உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது.

எல்லோரும் ஒரே தண்ணீரைக் குடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஊர்க் கிணறு மேட்டில், ஊராருக்கு. காலனிக்குப் போட்டுக் கொடுத்த அடிபம்பு பள்ளத்தில், கழிவு ஓடை ஒதுங்கும் பக்கம். சாதி எந்த மண்ணில் யாரைக் குடிவைத்ததோ அந்த மண்ணின் தண்ணீரையே அவர்கள் குடித்தார்கள். இப்போது மேட்டூரிலிருந்து காவிரி நீர் குழாயில் வருகிறது. வராத நாளில், காசுள்ள வீடு கேன் தண்ணீர் வாங்கும். ஆர்ஓ இயந்திரம் உலோகங்களைப் பெரும்பாலும் வடித்துவிடும். காசில்லாத வீட்டில் போர்வெல் தண்ணீர். கேன் வாங்கும் வீட்டிலும் அது யாருக்கு என்று பார்த்திருக்கிறேன். பிள்ளைகளுக்கும் வேலைக்குப் போகும் ஆணின் பாட்டிலுக்கும் கேன். சமையலுக்கும் சமைப்பவளின் தாகத்துக்கும் குழாய். "எனக்கு இன்னா, எது இருந்தாலும் குடிப்பேன்" என்பது எங்கள் பக்கத்துத் தாய்மார்களின் பெருமிதப் பேச்சு.

*

2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையமொன்றின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் கழிவுச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அந்தச் செய்திக்குப் பிறகுதான் வங்கத்தின் தண்ணீரைப் பற்றித் தேடிப் படித்தேன்.

அங்கே நஞ்சை ஆலை கொண்டுவரவில்லை. கங்கைச் சமவெளியின் வண்டலிலேயே ஆர்செனிக் இருக்கிறது. குளத்து நீரைக் குடித்துக் குழந்தைகள் காலராவிலும் பேதியிலும் இறந்துகொண்டிருந்ததால், 1970கள் முதல் வங்கதேசத்தில் அரசும் யுனிசெஃப்பும் குழாய்க் கிணறுகளைப் பரப்பின. வீட்டு முற்றத்திலேயே தண்ணீர். பெண்களுக்கு நடை மிச்சமானது, பிள்ளைகள் பிழைத்தார்கள். அது நல்ல நோக்கத்தில் செய்த நல்ல காரியம்தான். அந்தத் தண்ணீரில் ஆர்செனிக் இருக்கிறதா என்று மட்டும் யாரும் சோதிக்கவில்லை. மேற்கு வங்கத்தில் 1983 வாக்கில், தோலில் புள்ளிகளோடும் உள்ளங்கையில் தடிப்புகளோடும் வந்தவர்களைப் பார்த்த கொல்கத்தாவின் தோல் மருத்துவர் கே. சி. சாஹா அது ஆர்செனிக் என்று அடையாளம் கண்டார். வங்கதேசத்தில் 1993இல் உறுதியானது. 2000க்குப் பிறகு அங்கே ஏறக்குறைய 50 லட்சம் குழாய்க் கிணறுகளைச் சோதித்து, நல்லதற்குப் பச்சையும் கெட்டதற்குச் சிவப்பும் பூசினார்கள். சுமார் 14 லட்சம் கிணறுகள் சிவப்பாயின.

சிவப்பு பூசிய பின் பச்சைக் குழாயைத் தேடி நடந்தவர்கள் யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. தோலில் புள்ளி விழுந்த பெண்ணுக்கு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். தொழுநோய் என்று அஞ்சி ஒதுக்கினார்கள். மணமாகாத பெண்களுக்கு வரன் நின்றது. மணமானவர்கள் பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். புள்ளி ஆணுக்கும்தான் வந்தது. அவனுக்கு அது நோய், அவளுக்கு அது குறை.

வங்கதேசத் தாய்மார்களிடம் செய்த ஆய்வுகளில் இன்னொன்றும் தெரிந்தது. ஆர்செனிக் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவை அடைந்துவிடுகிறது. ஆனால் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே இறங்குகிறது. தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்கு அந்த மாதங்களில் நஞ்சு குறைவு. தாய் தினமும் அதே தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கிறாள்; பாலில் அதை விடாமல் தன்னிடமே நிறுத்திக்கொள்கிறது அவள் உடல். இதைத் தாய்மையின் தியாகம் என்று பாடிவிடலாம். பாடிவிட்டால் அந்தத் தண்ணீரை மாற்ற வேண்டிய கடமை யாருக்கும் இல்லாமல் போகும்.

*

இப்போது ரத்ததான முகாமில் திருப்பி அனுப்பப்பட்டவர்களிடம் வருகிறேன்.

தேசியக் குடும்ப நல ஆய்வு 2019-21இன்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. ஆண்களில் 25 விழுக்காடு. மாதவிலக்கு, அடுத்தடுத்த பிரசவம் என்று உடலியல் காரணங்கள் சொல்வார்கள். எல்லாரும் சாப்பிட்ட பின் மிஞ்சியதைச் சாப்பிடும் வழக்கத்தையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். கறிக் குழம்பில் கறி முடிந்து குழம்பு மட்டும் இருக்கும்போது தட்டில் சோறு போட்டுக்கொள்பவளுக்கு இரும்புச்சத்து எங்கிருந்து வரும்?

இரும்பு குறைந்த உடல் சும்மா இருப்பதில்லை. குடலின் சுவரில் இரும்பை உள்ளே எடுத்துக்கொள்ளும் வாயில்களைக் கூடுதலாகத் திறந்துவைத்துக் காத்திருக்கும். காட்மியமும் அதே வாயில் வழியே நுழையக்கூடியது. சோற்றிலோ தண்ணீரிலோ காட்மியம் இருந்தால், இரும்புக்குப் பசித்த உடல் அதை இரும்பென்று எண்ணி அதிகமாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதனால்தான் பொதுவாக ஆண்களைவிடப் பெண்கள் உடலில் காட்மியம் அதிகம் காணப்படுகிறது. உள்ளே போன காட்மியம் சிறுநீரகத்தில் பத்து, இருபது ஆண்டுக்கும் மேல் தங்கும். இரும்பும் கால்சியமும் குறைந்த உடலில் ஈயமும் அப்படித்தான் கூடுதலாக ஏறும். ஒரே கிணறு, ஒரே குடம், ஒரே டம்ளர். ஆனால் நன்றாகச் சாப்பிட்டவர் உடலில் ஏறுவதைவிடக் கடைசியில் சாப்பிட்டவள் உடலில் நஞ்சு கூடுதலாக ஏறும். உலோகத்துக்கு ஆண் பெண் தெரியாது. பசி தெரியும். நம் வீடுகளில் பசியைப் பங்கிடும்போது ஆண் பெண் பார்த்துத்தானே பங்கிடுகிறோம்.

ஈயத்தின் கதை இன்னும் நீளமானது. உடலில் சேரும் ஈயத்தில் பெரும்பங்கு எலும்பில் போய்ப் படிந்து பல்லாண்டுகள் உறங்கும். பெண் கருவுற்றதும் குழந்தையின் எலும்புக்குக் கால்சியம் தேவைப்படுகிறது. தாயின் உணவில் அது போதாவிட்டால் அவள் எலும்பு கரைந்து கொடுக்கும். கால்சியத்தோடு ஈயமும் எழுந்து வரும். நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவின் மூளைக்குப் போகும். பாலூட்டும் காலத்திலும், மாதவிலக்கு நிற்கும் வயதிலும் எலும்பு மறுபடி கரையும். பன்னிரண்டு வயதில் ஒரு சிறுமி குடித்த தண்ணீர் அவளுடைய இருபத்தைந்தாம் வயதில் அவள் குழந்தையிடம் வந்து சேரலாம். "கல்யாணமாகி நல்ல ஊருக்குப் போயிட்டா" என்று நிம்மதி கொள்கிறோம். அவள் பிறந்த ஊரின் கிணறு எலும்புக்குள் கூடவே போயிருக்கிறது.

ஜப்பானில், தொயாமா பகுதியில் ஜின்ஸு என்றோர் ஆறு. மேலே கமியோகா சுரங்கத்திலிருந்து காட்மியம் அந்த ஆற்றில் கலந்தது. கீழே இருந்தவர்கள் அந்த ஆற்றைக் குடித்தார்கள். அதைப் பாய்ச்சி நெல் விளைவித்து உண்டார்கள். ஆண்களும்தான் குடித்தார்கள், உண்டார்கள். ஆனால் படுக்கையில் விழுந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நடுவயது தாண்டிய, பல பிள்ளைகள் பெற்ற பெண்கள். சிறுநீரகம் கெட்டு, எலும்பு மென்மையாகி, புரண்டு படுத்தாலே எலும்பு முறிந்தது. அவர்கள் கத்திய கத்தலே அந்த நோய்க்குப் பெயரானது. 'வலிக்குது, வலிக்குது' என்பதற்கான ஜப்பானியச் சொல். அதைத் தமிழில் 'இட்டாய் இட்டாய்' என்றும் எழுதுகிறார்கள். எனக்கு 'இத்தாய் இத்தாய்' என்று எழுதத் தோன்றுகிறது. தமிழ் படித்தவளுக்கு அந்த எழுத்துகளில் வேறொன்றும் கேட்கிறது: இந்தத் தாய், இந்தத் தாய்.

முதலில் அதைச் சத்துக் குறைவு என்றும் அதிக உழைப்பால் வந்தது என்றும் சொன்னார்கள். உள்ளூர் மருத்துவர் ஹகினோ நொபோரு ஆற்றைச் சுட்டிக்காட்டினார். 1968இல் ஜப்பான் அரசு அதை மாசினால் வந்த நோய் என்று ஏற்றது. பாதிக்கப்பட்டவர்கள் சுரங்க நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்து 1971இல் வென்றார்கள். மேல்முறையீட்டிலும் 1972இல் வென்றார்கள். நோயாளிகள் சொன்ன சொல்லையே நோயின் பெயராக உலகம் இன்றும் எழுதுகிறது.

*

'சத்துக் குறைவு' என்ற சொல் எனக்குப் பழக்கமானது. பெரியம்மாவுக்கு ஐம்பது வயதுக்குமேல் கை கால் குடைச்சல், தோல் அரிப்பு, தீராத அசதி. பல ஆண்டுகள் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். என்ன சாப்பிடுகிறீர்கள், எத்தனை பிரசவம், தூக்கம் வருகிறதா, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார்கள். எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. இரும்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள். அந்த மாத்திரைகளையும் அவர் அதே தண்ணீரில்தான் விழுங்கினார்.

அவர் நோய்க்கு உலோகம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல அவர் ரத்தத்தையும் சிறுநீரையும் கிணற்றையும் அந்தக் காலத்திலேயே சோதித்திருக்க வேண்டும். இந்த நஞ்சின் இயல்பே அதுதான். பத்திருபது ஆண்டு எடுத்துக்கொள்ளும். வயதின் வலி போலவும் வேலையின் அசதி போலவும் வேடம் போடும். தனியொரு பெண் தன் உடலை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் 1996 தீர்ப்பில் நாம் மறந்துவிட்ட ஒன்று இருக்கிறது: தன் செயலால் கேடில்லை என்று மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு தொழில் நடத்துபவருடையது. சட்டத்தின்படி சாட்சி சொல்ல வேண்டியது ஆலை. மருத்துவமனை வரிசையிலோ இன்னமும் பெண்ணுடல்தான் சாட்சிக் கூண்டில் நிற்கிறது.

இதையெல்லாம் வகுப்பில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்தாள். அவள் அம்மா ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பிரிவில் வேலை செய்கிறார். "அம்மா வேலைய விட்டுடணும்னு சொல்றீங்களா மேடம்? அந்தச் சம்பளத்துலதான் நான் இங்க உக்காந்திருக்கேன்" என்றாள்.

நியாயமான கேள்வி. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் காலையில் கம்பெனி வேன்கள் நிறையப் பெண்கள் போகிறார்கள். அந்தச் சம்பளம் பல பெண்களின் திருமணத்தைத் தள்ளிவைத்திருக்கிறது, பல பெண்களைக் குடிகாரக் கணவனிடமிருந்து காத்திருக்கிறது. நான் அவளிடம் சொன்னது இது: "சம்பளமா தண்ணியான்னு உன்னையும் உங்க அம்மாவையும் மட்டும் ஏன் கேக்கறாங்க? லாபமா தண்ணியான்னு முதலாளிய ஏன் கேக்கறதில்ல?" கழிவைச் சுத்திகரிக்க முடியாத தொழில் அல்ல இது. குரோமியத்தைக் கழிவிலிருந்து மீட்டு மறுபடி பயன்படுத்தும் முறைகள் இருக்கின்றன. அதற்குச் செலவாகும். அந்தச் செலவைச் செருப்பின் விலையில் சேர்க்காதவரை அதைக் கட்டுவது கிணறும் அதிலிருந்து குடிப்பவளின் எலும்பும்தான். அவள் உட்கார்ந்துவிட்டாள். சமாதானம் ஆனாளா என்று தெரியவில்லை. ஆக வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. அடுத்த வாரம் அம்மாவையும் ஆயாவையும் கேட்டு, வீட்டில் இதுவரை குடித்த தண்ணீரின் பட்டியலை எழுதிவந்தாள்: ஊற்று, கிணறு, அடிபம்பு, போர்வெல், லாரி, கேன். மூன்று தலைமுறையில் ஆறு தண்ணீர்.

*

ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, தண்ணீர் சோதிக்கும் பெட்டி ஒன்றைக் கையில் தருகிறார்கள். கடினத்தன்மை, குளோரைடு, நைட்ரேட், ஃப்ளூரைடு, இரும்பு போன்றவற்றை அதில் பார்க்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் ஈயத்தையும் குரோமியத்தையும் காட்மியத்தையும் வழக்கமான அந்தப் பெட்டி காட்டாது. கடையில் வாங்கும் டிடிஎஸ் மீட்டரும் காட்டாது. மொத்த உப்பை மட்டுமே சொல்லும். உலோகம் பார்க்க வேறு கருவிகளுள்ள ஆய்வகம் வேண்டும். பெட்டியில் எல்லாம் பச்சையாக வந்தது என்பதற்காகத் தண்ணீர் நல்லது என்று அந்த ஐந்து பெண்கள் கையெழுத்துப் போட்டால், பிற்பாடு பழியும் அவர்கள் மீதே விழும்.

ஆகவே கேட்க வேண்டிய இடத்தில் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கிராம சபையில் 'தண்ணீரைச் சோதியுங்கள்' என்று பொதுவாகத் தீர்மானம் போட்டால் உப்பைச் சோதித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஈயம், ஆர்செனிக், காட்மியம், ஹெக்ஸாவலன்ட் குரோமியம் என்று உலோகங்களைப் பெயர் பெயராக எழுதச் சொல்ல வேண்டும். மேல்நிலைத் தொட்டி நீரோடு நிற்காமல், காலனியின் அடிபம்பிலிருந்தும் தெருக் கடைசி போர்வெல்லிலிருந்தும் எடுத்துச் சோதிக்கச் சொல்ல வேண்டும். முடிவை ஊர்ப் பலகையில் தமிழில் ஒட்டச் சொல்ல வேண்டும். அங்கன்வாடியில் கருவுற்ற பெண்ணின் ஹீமோகுளோபினை எழுதும் அட்டையில், அவள் குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதற்கும் ஒரு கட்டம் போடச் சொல்ல வேண்டும். வீட்டில் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு: பெண் கடைசியில் சாப்பிடும் வழக்கத்தை நிறுத்துவது. முட்டையும் கீரையும் கறியும் அவள் தட்டிலும் விழுவது அவளுக்குச் செய்யும் உபசாரம் அல்ல, நஞ்சுக்குத் திறந்திருக்கும் வாயிலைக் கொஞ்சம் சாத்துவது.

அந்த 60 கிலோ ஆள்மீது எனக்குப் பகையில்லை. அவர் நலமாக இருக்கட்டும். ஆனால் ஓர் ஊரின் தண்ணீர் நல்லதா என்று தீர்மானிக்க உட்காரும்போது, 42 கிலோ எடையும் ஒன்பது ஹீமோகுளோபினும் வயிற்றில் ஆறு மாதமுமாக, குழாயடியில் குடத்தோடு நிற்கும் பெண்ணை வைத்துக் கணக்குப் போடச் சொல்கிறேன். அவளுக்கு நல்லதாக இருக்கும் தண்ணீர் அவருக்கும் நல்லதாகத்தான் இருக்கும்.